வாசலுக்கு வந்த சொகுசுக் கப்பல்... கடலூர், சிதம்பரத்துக்கு என்ன கிடைக்கும்? பினாங்கு சொல்லும் 8 மணி நேரக் கணக்கு

2025 ஜூலை 4-ம் தேதி, 'கார்டிலியா' சொகுசுக் கப்பல் புதுச்சேரிக்கு வெளியே கடலில் நங்கூரம் போட்டு நின்றது. சென்னையில் கிளம்பி, விசாகப்பட்டினம் போய்விட்டு, வழியில் புதுச்சேரியில் ஒரு பகல் நிறுத்தம். கரை வரைக்கும் வர ஆழம் போதாது. அதனால் பயணிகளைச் சின்னப் படகுகளில் ஏற்றி உப்பளம் துறைமுகத்தில் இறக்கினார்கள். ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டு மறுபடியும் படகு, மறுபடியும் கப்பல், அப்புறம் சென்னை. அந்த மாதத்திலேயே அடுத்தடுத்த நிறுத்தங்களும் திட்டமிடப்பட்டன.

உப்பளத்தில் இருந்து கடலூர் சுமார் 22 கி.மீ. சிதம்பரம் சுமார் 65 கி.மீ. இவ்வளவு பக்கத்தில் வந்து இறங்குகிற கூட்டத்தில் ஒரு பங்கு நடராஜர் கோயிலுக்கோ பிச்சாவரத்துக்கோ திரும்பாதா? பேசாமல் கடலூர் துறைமுகத்துக்கே கப்பலைக் கொண்டு வந்துவிட்டால் என்ன? கடலூர் மாவட்டத்துக்காரர்களுக்கு இந்தக் கேள்விகள் வருவது நியாயம்தான். ஆனால் பதில் துறைமுகத்தின் ஆழத்தில் மட்டும் இல்லை. கடிகாரத்தில் இருக்கிறது.

கப்பல் நிறுத்தம் என்றால் உண்மையில் எவ்வளவு நேரம்?

சொகுசுக் கப்பல் ஒரு ஊரில் பகலில் நிற்பது பெரும்பாலும் 8 முதல் 10 மணி நேரம். கேட்க நிறைய மாதிரி இருக்கும். ஆனால் பயணி கையில் அவ்வளவும் கிடைக்காது. கப்பல் நின்றதும் அதிகாரிகளின் அனுமதி, சோதனை, இறங்கும் வரிசை. சாயங்காலம் கப்பல் கிளம்புவதற்கு அரை மணி, ஒரு மணி நேரம் முன்னாடியே எல்லோரும் உள்ளே இருந்தாக வேண்டும். கப்பல் நிறுவனமே ஏற்பாடு செய்த சுற்றுலா பஸ் லேட்டானால் கப்பல் காத்திருக்கும். சொந்தமாக ஆட்டோ பிடித்துப் போனவர் லேட்டானால் காத்திருக்காது. அடுத்த ஊருக்கு அவர் செலவில் போய் ஏற வேண்டியதுதான். அதனால்தான் கப்பல் பயணிகள் தூரமாகப் போகப் பயப்படுகிறார்கள்.

கரைக்கு வராமல் கடலிலேயே நிற்கும் கப்பல் என்றால் நிலைமை இன்னும் மோசம். ஒரு உதாரணம் பார்க்கலாம். ஆயிரம் பேர் இறங்க வேண்டும், தலா 100 பேர் ஏறுகிற 2 படகுகள் இருக்கு, ஒரு தடவை போய் வர 40 நிமிஷம் என்று வைத்துக்கொண்டால், கடைசி ஆள் கரையைத் தொட சுமார் 3 மணி நேரம் ஆகிவிடும். முதல் படகில் வந்தவருக்கு ஒரு நல்ல பகல் கிடைக்கும். கடைசிப் படகில் வந்தவருக்கு ஒரு டீயும், கடற்கரைச் சாலையில் நாலு போட்டோவும்தான்.

பினாங்கில் மட்டும் எப்படி நடக்குது?

தென்கிழக்கு ஆசியாவில் இந்தத் தொழில் எப்படி ஓடுகிறது என்று பார்க்க மலேசியாவின் பினாங்கு நல்ல இடம். அங்கே சொகுசுக் கப்பல்கள் நிற்பது ஸ்வெட்டன்ஹாம் துறையில். கப்பல் நேராகக் கரையோடு ஒட்டி நிற்கும். இறங்கி வெளியே வந்தால் எதிரிலேயே விக்டோரியா மணிக்கூண்டு, பக்கத்தில் கார்ன்வாலிஸ் கோட்டை. பத்து நிமிஷம் நடந்தால் லிட்டில் இந்தியா. அங்கே குயின் தெருவில் 1833-ல் கட்டிய மகா மாரியம்மன் கோயில். ஜார்ஜ் டவுன் நகரத்தை மலாக்காவோடு சேர்த்து யுனெஸ்கோ 2008-ல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பழைய நகரத்துக்குள் சுற்றி வர இலவச பஸ்ஸும் உண்டு.

இதனால் என்ன ஆகிறது? பயணி யாரையும் நம்பி இருக்க வேண்டியதில்லை. நடந்து போகிறார், மூக்கை இழுத்துக்கொண்டு போகிற கடையில் நாசி கண்டார் சாப்பிடுகிறார், திரும்பி நடந்து வருகிறார். கப்பல் நிறுவனத்தின் சுற்றுலா டிக்கெட்டுக்குப் போகிற பணம் கப்பலுக்கும் ஒப்பந்த ஏஜென்ட்டுக்கும் போகும். நடந்து போகிறவர் செலவழிக்கிற பணம் தெருக்கடைக்குப் போகும். பினாங்கின் லாபம் இந்த இரண்டாவது வகையில்தான் இருக்கிறது.

இன்னொரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். அந்த நாசி கண்டாரே தமிழ் முஸ்லிம்கள் தோளில் காவடி மாதிரி சுமந்து விற்ற சோறு. ஜார்ஜ் டவுனின் அடையாளமான கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலோடு சேர்த்துச் சொல்லப்படும் பெயர் காதர் முகைதீன். 1801-ம் ஆண்டோடு தொடர்புடைய அந்தப் பள்ளிவாசலின் புரவலரான அவர், கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவில் இருக்கிற பரங்கிப்பேட்டையில் இருந்து போன மரைக்காயர். பக்கத்திலேயே சூலியா தெருவில் நாகூர் தர்காவின் பெயரில் ஒரு தர்கா. சென்னையில் இருந்து விமானம் ஏறி பினாங்கு போய், கப்பல் நிறுத்தத்தில் செல்ஃபி எடுக்கிற நம்ம ஊர்க்காரர்கள் பலருக்கு, அந்தத் தெருவைக் கட்டியதில் பரங்கிப்பேட்டைக்காரர் கையும் இருக்கிறது என்பது தெரியாது. பரங்கிப்பேட்டையிலும் அதைச் சொல்ல ஒரு பலகையாவது வைத்தால் கப்பல் பயணிக்கு ஒரு கதை கிடைக்கும்.

கப்பலுக்கே 'சிதம்பரம்' என்று பெயர்

தமிழ்நாட்டுக்கும் இந்தத் துறைமுகங்களுக்கும் நடுவில் பயணிகள் கப்பல் ஓடியது ரொம்பப் பழைய கதை இல்லை. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் கிளாங், சிங்கப்பூர் என்று போன 'ரஜூலா' கப்பல் 1926-ல் இருந்து 1970-களின் தொடக்கம் வரை ஓடியது. அதற்கு அப்புறம் அதே வழியில் ஓடிய இந்தியக் கப்பல் கழகத்தின் கப்பலுக்குப் பெயரே 'சிதம்பரம்'. 1966-ல் பிரான்சில் 'பாஸ்டர்' என்ற பெயரில் கட்டப்பட்ட அந்தக் கப்பலை வாங்கி, பெயர் மாற்றி ஓட்டினார்கள். 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்துப் பலர் இறந்தார்கள். அதோடு அந்தக் கப்பல் சேவையும் முடிந்தது. வேலைக்கும் வியாபாரத்துக்கும் போனவர்கள் ஏறிய கப்பல் அது. இன்றைக்கு வருவது முழுக்க உல்லாசக் கப்பல். ஊர்களின் பட்டியல் ஏறத்தாழ ஒன்றுதான், காரணம்தான் வேறு.

தூரமான ஊர்களும் இருக்கே, அவை எப்படிச் சமாளிக்கின்றன?

எல்லா ஊரும் பினாங்கு இல்லை. போர்ட் கிளாங்கில் இறங்குகிறவர் பார்க்க விரும்புவது கோலாலம்பூரையும் பத்துமலை முருகனையும். இரண்டும் துறைமுகத்தில் இருந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் பஸ் பயணம். ஆனாலும் பத்துமலைக்குக் கப்பல் பயணிகள் வருகிறார்கள். ஏனென்றால் 2006-ல் திறந்த 140 அடி முருகன் சிலையும் 272 படிகளும் மத்தியானமும் திறந்துதான் இருக்கும்.

பாங்காக்குக்குப் போகிற பெரிய கப்பல்கள் உண்மையில் நிற்பது லேம் சபாங்கில். அங்கிருந்து பாங்காக் நகரம் சுமார் 2 மணி நேரம். அதனால் பல கப்பல்கள் அங்கே ஒரு ராத்திரி தங்கியே கிளம்புகின்றன. தூரம் அதிகமான ஊருக்குக் கப்பல் கம்பெனிகள் கண்டுபிடித்த வழி அதுதான்: தூரத்தைக் குறைக்க முடியாது என்றால் நேரத்தைக் கூட்டு.

சிதம்பரத்தில் சிக்கல் எங்கே?

இப்போது அதே கணக்கைச் சிதம்பரத்துக்குப் போட்டுப் பார்க்கலாம். கப்பல் காலை 8 மணிக்குப் புதுச்சேரிக்கு வெளியே நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். படகில் ஏறி, கரை இறங்கி, பஸ் கிளம்ப 9.30. சிதம்பரம் போய்ச் சேர 11 மணி. கீழவீதியில் இறங்கி, செருப்பைப் போட்டுவிட்டு, கோபுரம் தாண்டி உள்ளே போக 11.20. மதியம் 12 மணி வாக்கில் நடை சாத்தினால் திரும்பத் திறப்பது சாயங்காலம் 5 மணி வாக்கில்தான். அதாவது, 65 கி.மீ. வந்த ஆளுக்கு கனகசபையையும் நடராஜரையும் ஆயிரங்கால் மண்டபத்தையும் பார்க்க இருப்பது 40 நிமிஷம். இரண்டாவது, மூன்றாவது படகில் வந்தவருக்கு அதுவும் இல்லை. அவர் சாத்திய சன்னதியைப் பார்த்துவிட்டுத் திரும்புவார்.

மிச்ச நேரத்துக்கு பிச்சாவரம் இருக்கே என்று சொல்லலாம். சிதம்பரத்தில் இருந்து சுமார் 15 கி.மீ., சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகு இல்லமும் இருக்கிறது. சுரபுன்னைக் காட்டுக்குள் குறுகலான வாய்க்கால்களில் துடுப்புப் படகு போவது யாருக்கும் பிடிக்கும். 1975-ல் வந்த எம்.ஜி.ஆரின் 'இதயக்கனி' படப்பிடிப்பு நடந்த இடம் என்ற பெருமையை இன்னமும் படகோட்டிகளிடம் கேட்கலாம். ஆனால் உச்சி வெயில் 1 மணிக்குத் திறந்த படகில் உட்கார வைத்தால் வெளியூர்க்காரர் தாங்குவாரா என்பது வேற கேள்வி. 2.30-க்கு அங்கிருந்து கிளம்பினால்தான் 4.30-க்குக் கரை, கடைசிப் படகு, கப்பல். நடுவில் ஒரு டயர் பஞ்சர் ஆனால் கூட கணக்கு உடைந்துவிடும்.

வரிசையை மாற்றிப் போட்டால்? காலையில் பிச்சாவரம், அப்புறம் கோயில் என்றால் கோயில் மூடியிருக்கும். அதனால் பகல் நிறுத்தம் என்றால் சிதம்பரத்தைக் காலையிலேயே முடித்தாக வேண்டும், வேறு வழி இல்லை. பூஜை நேரங்கள் கோயிலின் மரபு. கப்பலுக்காக அதை மாற்றச் சொல்வது சரியும் இல்லை, நடக்கவும் நடக்காது. மாற்றக்கூடியது கப்பலின் நேரம்தான். மத்தியானம் வந்து, ராத்திரி 11 மணிக்குக் கிளம்புகிற கப்பல் என்றால் எல்லாமே மாறிவிடும். வெயில் தாழ பிச்சாவரம், நடை திறந்ததும் கோயில், அந்தி தீபாராதனை, கொத்சு வைத்து இட்லி. தென்கிழக்கு ஆசியத் துறைமுகங்களில் ராத்திரி வரை நிற்கும் கப்பல்கள் சாதாரணம்.

சிதம்பரத்துக்குச் சொல்ல ஒரு நல்ல கதையும் இருக்கிறது. கோயிலில் இருக்கிற 1114-ம் ஆண்டு கல்வெட்டு ஒன்று, காம்போஜ அரசன் முதலாம் குலோத்துங்க சோழனுக்கு அனுப்பிக் காட்டிய ஓர் அதிசயக் கல்லைக் கோயிலில் பதித்ததைச் சொல்கிறது. காம்போஜம் என்பது இன்றைய கம்போடியா என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். தாய்லாந்து அரண்மனைப் பிராமணர்கள் நடத்தும் 'திரியம்பாவாய்' சடங்குக்குப் பெயர் வந்ததே மாணிக்கவாசகரின் திருவெம்பாவையில் இருந்து. மாணிக்கவாசகர் கடைசியில் சேர்ந்த ஊர் சிதம்பரம் என்பது சைவ மரபு. சிங்கப்பூரிலும் பாங்காக்கிலும் இறங்கிச் சுற்றிய ஒரு பயணிக்கு, அந்தப் பயணத்தின் இந்த முனை இங்கே இருக்கிறது என்று காட்ட வேறு ஊர் கிடைக்காது.

அப்போ கடலூர் துறைமுகத்தையே ஆழப்படுத்தலாமா?

கடலூர் துறைமுகம் கெடிலமும் பரவனாறும் கடலில் சேரும் இடத்தில் இருக்கிறது. தமிழ்நாடு கடல்சார் வாரியத்தின் கீழ் வரும் சிறு துறைமுகம். காலகாலமாக இது நங்கூரத் துறைமுகம். பெரிய கப்பல் வெளியே கடலில் நிற்கும், சரக்கைப் படகுகளில் ஏற்றி இறக்குவார்கள். சேலம் பக்கத்து இரும்புத் தாது போனதும், உரம் வந்ததும் அப்படித்தான். புதுச்சேரியில் இப்போது பயணிகளுக்குச் செய்வதை, கடலூர் முதுநகர்க்காரர்கள் மூட்டைகளுக்கு ரொம்ப நாளாகச் செய்துகொண்டிருந்தார்கள்.

சாகர்மாலா திட்டத்தில் கடலூரில் புதிய கப்பல் தளங்கள் கட்டப்பட்டிருக்கின்றன. அது சரக்குக் கப்பலுக்கான திட்டம். கார்டிலியாவின் 'எம்பிரஸ்' கப்பல் 1990-ல் கட்டப்பட்டது. இன்றைய உலகக் கணக்கில் அது சின்னக் கப்பல்தான். அதுவே 211 மீட்டர் நீளம். தண்ணீருக்குக் கீழே 7 மீட்டர் இறங்கி நிற்கும். அந்த நீளத்தைத் திருப்ப உள்ளே அகலமான இடம் வேண்டும், முகத்துவாரத்தில் சேரும் மணலை வருஷா வருஷம் அள்ள வேண்டும். ஒரு பருவத்தில் நாலைந்து தடவை வந்துபோகிற உல்லாசக் கப்பல் கட்டுகிற கட்டணம், மணல் அள்ளுகிற செலவுக்குக் காணாது. சரக்குப் போக்குவரத்து நன்றாக நடந்து அந்தக் காசில் ஆழம் பராமரிக்கப்பட்டால், உல்லாசக் கப்பலும் அந்த ஆழத்தைப் பயன்படுத்திக்கொள்ளலாம். உல்லாசக் கப்பலை நம்பி மட்டும் தோண்ட ஆரம்பித்தால், அது மக்கள் பணத்தைக் கடலில் கொட்டுவதுதான்.

கடலூரில் கப்பல் நின்றால் லாபமே இல்லையா என்றால், இருக்கிறது. சிதம்பரத்துக்குத் தூரம் சுமார் 45 கி.மீ. ஆகக் குறையும். போக வர இரண்டு வேளையும் சேர்த்து முக்கால் மணி நேரமாவது மிச்சமாகும். அதற்குக் கரை வரைக்கும் கப்பல் வர வேண்டும் என்றுகூட இல்லை. வெளியே நங்கூரம் போட்டு, பயணிகள் ஏறி இறங்கப் பாதுகாப்பான படகுத் துறை, சோதனைக் கூடம், நிழல், கழிப்பறை இருந்தால் போதும். ஆனால் முகத்துவாரம் மீனவர்களின் வழி. தேவனாம்பட்டினம், தாழங்குடா, சிங்காரத்தோப்பு படகுகள் மீனோடு திரும்புகிற காலை நேரத்திலேயே சுற்றுலாப் படகுகளும் அதே வாயில் நுழைந்தால் மோதல் வரும். கேட்டுவிட்டுச் செய்ய வேண்டிய வேலை இது.

மழைக்காலம் போடும் முட்டுக்கட்டை

வெளிநாட்டு உல்லாசக் கப்பல்கள் இந்தியப் பக்கம் வருவது பெரும்பாலும் அக்டோபருக்கும் ஏப்ரலுக்கும் நடுவில். அதன் முதல் பாதி கடலூருக்கு வடகிழக்குப் பருவமழை, புயல் காலம். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கடலூரைப் புரட்டிப் போட்டது. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, கடலூர் மாவட்டத்தையும் வெள்ளத்தில் தள்ளியது. அலை எழும்பினால் படகில் ஆளை இறக்க முடியாது, கப்பல் நிறுத்தத்தையே ரத்து செய்துவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விடும். பஸ் வைத்தவருக்கும் சாப்பாடு சமைத்தவருக்கும் நஷ்டம்.

கார்டிலியா ஜூன், ஜூலையில் இந்தப் பக்கம் வருவதற்கும் மழைதான் காரணம். அப்போது மும்பை பக்கம் தென்மேற்குப் பருவமழை. கிழக்குக் கரையில் கடல் ஓரளவு அமைதி. ஆக, கடலூர், சிதம்பரத்துக்கு நம்பகமான காலம் ஜனவரி முதல் மார்ச் வரையும், ஜூன் முதல் செப்டம்பர் வரையும். ஆருத்ரா தரிசனம் மார்கழியில், ஆனித் திருமஞ்சனம் ஜூன், ஜூலையில். திருமஞ்சன நாளில் கப்பல் வந்தால் அழகு என்று தோன்றும். ஆனால் அந்தக் கூட்டத்தில் 20 பஸ்ஸை நான்கு வீதிக்குள் விட முடியாது.

எதிர்ப்பும் இருக்கே?

இருக்கிறது. 2022 ஜூன் 4-ல் முதலமைச்சர் ஸ்டாலின் சென்னையில் கொடியசைத்து அனுப்பிய இதே நிறுவனத்தின் கப்பலுக்கு, அந்த மாதம் புதுச்சேரி அனுமதி தரவில்லை. கப்பலில் சூதாட்டம் நடக்கிறது, கலாசாரம் கெடும் என்று எதிர்ப்பு எழுந்ததுதான் காரணம். மூன்று வருஷம் கழித்து அதே புதுச்சேரி வரவேற்றது. அப்போதும் எதிர்ப்பு இருந்தது. கோயில் நகரமான சிதம்பரத்தில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகவே வரும்.

அதைவிடக் கேட்க வேண்டிய கேள்வி, பணம் யார் கைக்குப் போகிறது என்பது. கப்பலில் மூன்று வேளைச் சாப்பாடும் டிக்கெட்டிலேயே அடக்கம். அதனால் பயணி ஊரில் பெரிதாகச் சாப்பிட மாட்டார். சென்னையில் இருந்து ஏசி பஸ், சென்னையில் இருந்து கைடு, பொட்டலச் சாப்பாடு என்று ஏஜென்ட் எல்லாவற்றையும் கொண்டு வந்துவிட்டால், கடலூர் மாவட்டத்துக்கு மிஞ்சுவது புகையும் குப்பையும்தான். பண்ருட்டி முந்திரி, பிச்சாவரம் படகோட்டி, சிதம்பரம் ஆட்டோ, உள்ளூர் கைடு என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக் கேட்டால்தான் ஏதாவது இங்கே தங்கும். மத்திய அரசு 2024 செப்டம்பர் 30-ல் 'க்ரூஸ் பாரத்' திட்டத்தைத் தொடங்கி, 2029-க்குள் கப்பல் பயணிகள் எண்ணிக்கையை இரட்டிப்பாக்கப் போவதாகச் சொல்லியிருக்கிறது. கேட்க வேண்டியதைக் கேட்க இதுதான் நேரம்.

இங்கிருந்து கப்பல் ஏறப் போகிறீர்களா?

சிங்கப்பூரில் கிளம்பி பினாங்கு, போர்ட் கிளாங் சுற்றித் திரும்பும் கப்பல்களில் தமிழ்நாட்டில் இருந்து போகிறவர்கள் நிறைய. மலேசியா 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்களுக்கு விசா இல்லாமல் அனுமதி தந்து வருகிறது, ஆனால் ஆன்லைன் வருகைப் படிவம் நிரப்ப வேண்டும். சிங்கப்பூருக்கு விசா வேண்டும். முக்கியமாக, கப்பலில் கிளம்பித் திரும்பி வருவது இன்னொரு தடவை நுழைவதாகவே கணக்கு. அதனால் ஒரே தடவை நுழையும் விசா போதாது, பல தடவை நுழையும் விசாவா என்று டிக்கெட் போடும் முன்பே பாருங்கள். கடிகாரத்தைக் கப்பல் நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், ஊர் நேரமும் கப்பல் நேரமும் சில சமயம் வேறாக இருக்கும். பினாங்கில் இறங்கினால் ஏஜென்ட் பஸ் தேவையே இல்லை, நடந்தே போகலாம். பத்துமலைக்கு மட்டும் கப்பல் ஏற்பாட்டிலேயே போவது நல்லது. அந்த நெடுஞ்சாலையில் டிராஃபிக் மாட்டினால் சொந்தமாகப் போனவருக்காகக் கப்பல் காத்திருக்காது.